தட்டில் மிஞ்சிய ரப்பர் வட்டு

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் ‘வால்வு அக்கா’. வாரத்தில் ஆறு நாள் காஸ் அடுப்பு பழுது பார்க்கும் கடையில் வேலை. ஏழாவது நாள், நீருக்கடியில் மூச்சுவிட உதவும் பழைய ஸ்கூபா கருவிகள். பித்தளையில் பச்சை பிடித்து, ரப்பர் வெடித்து, யார் வீட்டுப் பரணிலோ கிடந்த இரட்டைக் குழாய் மூச்சுக் கருவிகள் அவள் மேசைக்கு வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கழற்றினாள், தப்பாக மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

மேலே ஒட்டியிருக்கும் பெயர்த்தகட்டை அவள் நம்பமாட்டாள். ஒன்றின் மூடியை இன்னொன்றில் மாட்டி விற்பவர்கள் உண்டு. திருகின் மரையையும் உள்ளே இருக்கும் நெம்புகோலையும் பார்த்த பிறகுதான் எந்தக் காலத்துச் சரக்கு என்று வாய் திறப்பாள்.

இன்னொரு பிடிவாதம், முட்டைத் தட்டு. கழற்றும் துண்டெல்லாம் வரிசையாக அதன் குழிகளில் உட்காரும். புதிதாக வெட்டிய ரப்பரும் அங்கேதான். தட்டு காலியானால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் சரிசெய்து கொடுத்த கருவியோடு கணவர் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார். மேசையைத் துடைக்க வந்தவள் தட்டைப் பார்த்தாள். ஒரு குழியில் புத்தம்புது ரப்பர் வட்டு.

வாய்க்குள் கவ்வும் துண்டின் உள்ளே இருக்கவேண்டிய தடுப்பு வட்டு அதே அளவுதான். அது இல்லாவிட்டாலும் கரையில் மூச்சு வரும், குறை தெரியாது. தண்ணீருக்கடியில் வாயிலிருந்து நழுவினால் மட்டும், காற்று வரும் குழாயில் தண்ணீர் ஏறிவிடும்.

கணவருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

அவர் குளத்து விளிம்பில், முதுகில் சிலிண்டரோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் இறங்கலையா?”

“கண்ணாடிப் பட்டை அறுந்துபோச்சு. வேற ஒண்ணு இரவல் வாங்கிட்டு இப்பதான் வர்றேன். நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற? கருவி என்கிட்டல்ல இருக்கு.”

“கழட்டிக் குடுங்க.”

வாய்த்துண்டைப் பிடித்திருந்த பட்டையைத் திருப்புளியால் தளர்த்தி உள்ளே பார்த்தாள். வட்டு இருந்தது. மடிப்பில்லாமல், விளிம்பு சரியாகப் படிந்து. நகத்தால் தூக்கிப் பார்த்தாள். மறுபக்கமும் பார்த்தாள். பட்டையை மறுபடி இறுக்கினாள். பிறகு ஈரத் தரை என்றுகூடப் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியானால் அது? வீட்டிலிருந்த நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“அதுவா அண்ணி, சமையலறைக் குழாய் ஒழுகுதேன்னு உங்க ரப்பர்ல ஒண்ணு வெட்டினேன். பெரிசாப் போச்சு. தட்டுல போட்டுட்டேன்.”

“குப்பையில போட வேண்டியதுதானே?”

“உங்க சாமானைக் குப்பையில போட்டுட்டு நான் இந்த வீட்டுல இருக்க முடியுமா?”

“வந்து பேசிக்கிறேன் உன்னை,” என்றாள். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

“தங்கச்சி வேலையா?” என்றார் கணவர். “இறங்கலாமா, இல்ல அவளையும் வரச்சொல்லி விசாரிக்கணுமா?”

“இறங்குங்க. ஆழமில்லாத பக்கம். வாயிலேர்ந்து எடுத்துட்டுத் திரும்ப மாட்டுங்க. நான் பாக்கணும்.”

மார்பளவு நீரில் அவர் மூழ்கினார். எடுத்தார், தலையைச் சாய்த்து மாட்டினார், விரலால் ‘சரி’ என்று காட்டினார். தலைக்குப் பின்னால் குமிழிகள் சீராகக் கிளம்பின. அவள் ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டிருந்தாள். இருபதுக்குப் பக்கத்தில் எங்கேயோ எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மறுபடி ஆரம்பிக்கத் தோன்றவில்லை.