சுவிட்ச் மெழுகுவத்தி

எங்கள் ஊர் வேதக் கோயிலுக்குள் இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு என்னென்ன மாறியதோ, அத்தனைக்கும் நான் சண்டை போட்டிருக்கிறேன். பாய் விரித்து உட்கார்ந்த இடத்தில் பெஞ்சு வந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை போய் டைல்ஸ் வந்தது. நீல வானமும் நட்சத்திரமும் வரைந்திருந்த பீடச் சுவரில் கிரானைட் ஒட்டினார்கள். ஒவ்வொரு தடவையும், கோயிலைக் கவனித்துக்கொண்ட உபதேசியாரிடம் போய் நிற்பேன். "ஒனக்கு எதுதாம்மா பிடிக்கும்?" என்பார்.

எனக்குப் பிடித்தது அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் இருந்த மெழுகுவத்தித் தட்டு. மணல் நிரப்பிய தகரத் தட்டுதான். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை. எங்களுடையது சின்னக் கிளைக் கோயில் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் பூசை. கம்பெனி வேன் வாசலில் இறக்கிவிடும்போதே முதல் பாட்டு தொடங்கியிருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துவர நேரம் கிடையாது. சேலையெல்லாம் மருந்துத் தூள் வெள்ளியாக மினுங்கும். அதோடு நெருப்புப் பக்கம் போவாளா? மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டுத் தூண் பக்கம் ஒதுங்கி நிற்பாள். "ஒம் பேரச் சொல்லி ஏத்துட்டி" என்பாள். எனக்கான வேண்டுதலை நானேதான் ஏற்றி வளர்ந்தேன்.

கல்யாணமாகி நான் விருதுநகர் போன பிறகு, ஏற்றித் தரும்படி பிறத்தியாரிடம் கேட்க அம்மாவுக்குக் கூச்சம். மெழுகுவத்தியை அப்படியே மணலில் நட்டுவிட்டு வந்துவிடுவாள். முதல் பிள்ளை எனக்கு மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போனது. "ஏத்தாத வத்திய வச்சு வேண்டுனேன், அதான்" என்று அம்மா போனில் அழுதாள். பைத்தியமா உனக்கு என்று திட்டினேன். அவள் நம்பவில்லை.

இரண்டாவது உண்டாகி, ஏழாம் மாதம் ஊருக்கு வந்தேன். அன்று சனிக்கிழமை; சாமியார் இன்னும் வராததால் பூசை தொடங்கவில்லை. கோயிலில் மணல் தட்டைக் காணோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பிளாஸ்டிக் மெழுகுவத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன, கல்யாண வீட்டு சீரியல் செட்டா? சுவிட்ச் போட்டா வேண்டுதலா?"

"புகை அடிச்சுச் சுவரு கருத்துப் போச்சும்மா" என்றார் உபதேசியார். "அதுபோக, வாறவுக பாதிப் பேரு மருந்துச் சேலையோட வாறாக."

அது என் காதில் ஏறவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தபோது வாசலில் வேன் சத்தம்.

அம்மா உள்ளே வந்தாள். பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "நானே போடலாமா?" என்று உபதேசியாரிடம் கேட்டாள்.

"போடுங்க."

உடனே போடவில்லை. பக்கத்து ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை முழுதாகப் பதித்தாள். கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இருபது வருஷப் பழக்கம். கோயிலில் அது எதற்கு? ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற வேன் பெண்களும் ஒவ்வொருத்தியாக அதே கம்பியைத் தொட்டார்கள்.

அம்மா சுவிட்சை அழுத்தினாள். மஞ்சளாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது.

அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"ஒம் பேரச் சொல்லி, பிள்ளைக்கும் சேத்து, இந்த வாட்டி நானே ஏத்திட்டேம்ட்டி."