குளவி இல்லாமலே ஓடிய அம்மா

அப்பா தூங்கிவிட்டார். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

மலையோட்டப் போட்டியில் உதவி செய்யப் போவதற்காக, சனியும் ஞாயிறும் ஹட்டனில் ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் பொய் சொன்னேன். வெளி ஆட்களோடு போனது தெரிந்தால் அப்பா என் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார்.

இன்று விடிந்ததில் இருந்து ரிப்பன் கட்டினேன், வாழைப்பழம் வெட்டினேன், தண்ணீர்ப் போத்தல் தூக்கினேன். பிறகு எங்களை வேனில் ஏற்றி, ஓடுபவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஓர் இடத்தில் இறக்கினார்கள்.

பார்த்தால், எங்கள் தேயிலைத் தோட்டம். மேலே அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தொப்பியை இழுத்து முகத்தை மறைத்தேன்.

முதல் வீரர் தேயிலைக்கு நடுவே தலைதெறிக்க ஓடி வந்தார். எங்கள் மலையில் குளவி கலைந்தால்தான் அப்படி ஓடுவார்கள்.

"கொளவி! ஓடுங்க புள்ள" என்று யாரோ கத்த, கொழுந்து பறித்தவர்கள் எல்லோரும் தலையை மூடிக்கொண்டு இறங்கி ஓடினார்கள். அந்த வீரருக்கும் முன்னால் என் தண்ணீர் மேசைக்கு வந்து சேர்ந்தது அம்மாதான்.

குனிந்தபடியே தண்ணீரை நீட்டினேன். குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒங்க கிளாஸ்ல தண்ணியெல்லாம் குடுக்குறாங்களா?"

அவ்வளவுதான். திரும்பி மலை ஏறிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் அம்மாவே சொன்னார்: "நாளைக்கும் புள்ளைக்கு கிளாஸ் இருக்குங்க."

பிறகு என் காதில்: "அந்த ஓட்டத்துல பொம்பளைங்களயும் சேத்துக்குவாங்களா?"

அம்மா இன்று ஓடியது செருப்பில். மலையில் ஓட எந்தச் சப்பாத்து நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவைத் தெரிந்தவர்கள் மட்டும் லைக் போடாமல் போய்விடுங்கள்.