லிஃப்டுக்கு வந்த எஸ்எம்எஸ்

சம்பளச் சீட்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதை வாசிக்கிற ஒரே ஆள் கம்பெனி கேஷியர். மற்ற எல்லாருக்கும் அவர் மேலகீழ மாமா. வேலை, லிஃப்ட் மெக்கானிக். எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் யார் கேட்டாலும் "மேல போயிட்டிருக்கேன்" என்பார், இல்லாவிட்டால் "கீழ வந்துட்டிருக்கேன்" என்பார். இரண்டில் ஒன்று எப்போதும் உண்மையாக இருக்கும். "கீழ வரேன்னு மட்டும் சொல்லுடா, மேல போறேன்னு சொன்னா அபசகுனமா இருக்கு" என்று அவருடைய அக்கா தலையில் அடித்துக்கொள்வார். அந்த அக்கா வீட்டு மாடியறையில்தான் மாமா குடியிருக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. வயது ஐம்பதைத் தொட்டும் தொடாமலும், இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி தொங்குகிறது.

மாமா பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு லிஃப்டிலும் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. நடுவழியில் மாட்டிக்கொண்டால் அமுக்க வேண்டியது. லிஃப்டின் கூரைமேல் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் நம் போனில் இருப்பது மாதிரியே ஒரு சிம். பட்டனை அமுக்கினால் பெட்டி நேராக மாமாவைக் கூப்பிடும். அதை அமுக்குவது முக்கால்வாசி சின்னப் பசங்கதான். மாமா எடுத்ததும் வாயால் ஒரு வேண்டாத சத்தம் எழுப்பிவிட்டு ஓடிவிடுவார்கள். மாமாவும் சளைக்காமல் அதே சத்தத்தைத் திருப்பி எழுப்புவார்.

மாமா பார்க்கும் கட்டடங்களில் ஒன்றான நீலக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஒரு அம்மா இருக்கிறார். பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு வீட்டு மேஜையிலேயே ராவி, தேய்த்து, பளபளவென்று ஆக்கி, டப்பாவில் அடுக்கி எடுத்துப் போவார். வீட்டில் தனி ஆள். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு வரும். போன வருஷம் ஒரு நாள் அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்.

"ஹலோ, யாருங்க? நான் இங்க அந்தரத்துல தொங்கிட்டிருக்கேன்."

"பயப்படாதீங்கம்மா, வந்துக்கிட்டே இருக்கேன்" என்ற மாமா, கட்டிலுக்கு அடியில் இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன பயம்? கூட நாலு செட் பல்லு இருக்கு. எல்லாம் சிரிச்ச முகமாத்தான் இருக்கு. நீங்க மெதுவாவே வாங்க."

அன்றிலிருந்து அந்த அம்மா தினமும் இறங்கும்போது பட்டனை அமுக்கினார். "ஒண்ணுமில்ல, வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பார். "செய்யுதுங்க" என்பார் மாமா. அதோடு விட வேண்டியதுதானே? ஆறாவது மாடியிலிருந்து தரை வரைக்கும் பேச்சு. எந்த டாக்டர் கஞ்சன், யாருடைய பல்லு யாருக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லாம் வரும். போகப் போக அந்த லிஃப்ட் கொஞ்சம் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. அதன் வேகத்தைக் குறைத்தது யார் என்று கட்டடத்துச் செயலாளருக்கு இன்றுவரை தெரியாது.

சொந்த நம்பரை இரண்டு பேருமே கொடுத்துக்கொள்ளவில்லை. கேட்க மாமாவுக்கு வெட்கம். கொடுக்க அந்த அம்மாவுக்குக் கெத்து.

ஒரு நாள் மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டார். "ஒரு நாள்... சும்மாதான்... உங்க வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடிக்கலாங்களா?"

அந்தப் பக்கம் லிஃப்ட் தரைக்கு வந்து கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று லைன் கட்டானது.

மறுநாள் போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க மாமா போனைக் குளியலறைக்குக்கூட எடுத்துக்கொண்டு போனார், சோப்பு டப்பாமேல் வைத்துவிட்டுக் குளித்தார்.

"என்னடா அதையே உத்துப் பாக்கிற? முட்ட கிட்ட போடுமா?" என்றார் அக்கா.

"காப்பின்னா எனக்கு இனிமே ஆகாதுக்கா."

"யாரு உனக்குக் காப்பி குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அதான்."

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி எங்கேயோ மூக்குடைபட்டிருக்கிறான் என்பது மட்டும் விளங்கியது. தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மாதாந்திரச் சோதனைக்கு நீலக் கட்டடம் போக வேண்டிய நாள் வந்தது. மாமா திருடன் மாதிரி பின்பக்கமாக நுழைந்து, லிஃப்டை ஐந்தாவது மாடிக்குமேல் போகவிடாமல் நிறுத்தி, கூரைமேல் ஏறினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டிய இடத்தில் சிவப்பு எரிந்தது. சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதில் தங்கியிருந்த செய்திகள் வரிசையாக வந்து நின்றன.

'அன்பான வாடிக்கையாளரே, எங்கள் பழைய 2ஜி நெட்வொர்க் விரைவில் நிறுத்தப்படுகிறது. 4ஜி போனுக்கு மாறிக்கொள்ளுங்கள்.' அடுத்தது, 'அன்பான வாடிக்கையாளரே, இதுவே கடைசி நினைவூட்டல்.' அதற்கடுத்தது, 'உங்கள் மனம் கவர்ந்த பாட்டை காலர் ட்யூனாக வையுங்கள்.'

சிம் கம்பெனிக்காரன் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறான். லிஃப்டிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் படிக்கத் தெரியாது.

மாமா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே சிரிப்பு நின்றது. இத்தனை நாள் இதற்குள் யாராவது மாட்டியிருந்தால்? அமுக்கி அமுக்கிக் கை வலித்திருக்கும், ஒரு நாதி வந்திருக்காது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்த அம்மாவும் அமுக்கியிருப்பார். காப்பி கேட்டுவிட்டு ஓடி ஒளிந்துகொண்ட ஆள் என்று நினைத்திருப்பார்.

அன்றைக்கே ஓடிப்போய் 4ஜி பெட்டி ஒன்று வாங்கி வந்து மாட்டினார். சிக்னல் கோடு அத்தனையும் நிமிர்ந்து நின்றது. பட்டனை அமுக்கினால் கால் மட்டும் போகவில்லை. சிம் கம்பெனியின் உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள்.

"அந்த மாடல் எங்க பட்டியல்ல இல்ல சார். 4ஜில பேசணும்னா மாடல நாங்க ஏத்துக்கணும். நீங்க வச்சிருக்கறதுல நெட் வரும், பேச்சு வராது."

"பேச்சு வராம நெட்ட வச்சுக்கிட்டு என்னம்மா பண்றது?"

"வீடியோ பாக்கலாம் சார்."

"லிஃப்டும்மா அது! வீடியோ பாக்குமா?"

அவள் சிரித்துவிட்டாள். குரலைத் தணித்து, "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்த மாடல எதிர்க் கம்பெனி ஏத்துக்கிட்டாங்க" என்றாள். மாமா அவளை நூறு வருஷம் வாழ வாழ்த்திவிட்டு, எதிர்க் கம்பெனி சிம்மை வாங்கிப் போட்டார். லிஃப்டுக்குள் நின்று பட்டனை அமுக்கினார். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்து, "ஹலோ, யாரு? நான்தான். சரி, வை" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும்போது லிஃப்ட் தானாக மேலே கிளம்பியது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு, ஐந்து, ஆறு.

கதவு திறந்தது. கையில் டப்பாவோடு அந்த அம்மா.

"ஓ, உயிரோடதான் இருக்கீங்களா? தினமும் அமுக்குனேன். காப்பிக்குப் பயந்து ஊர விட்டே ஓடிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா, நெட்வொர்க் நின்னுபோச்சு."

"பதில் சொல்லப் பிடிக்காதவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

மாமா பழைய சிம்மில் வந்திருந்த செய்திகளைக் காட்டினார். அவற்றைப் போனில் சேமித்து வைத்திருந்தார். அந்த அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "அன்பான வாடிக்கையாளரேவா? என்னையக்கூட எவனும் இவ்வளவு மரியாதையாக் கூப்பிட்டதில்ல." உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அன்னிக்கு... யோசிச்சுச் சொல்றேன்னீங்க" என்றார் மாமா, தன் பூட்ஸைப் பார்த்தபடி.

"மறுநாளே சொல்லிட்டேனே. பட்டன அமுக்கினேன், யாரும் எடுக்கல. பரவால்லன்னு லிஃப்டுகிட்டயே சொல்லிட்டுப் போயிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஏன், உங்க லிஃப்டு உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

கதவு மூடப் பார்த்தது. மாமா காலைக் குறுக்கே வைத்தார். அது பீப் பீப் என்று கத்தியது. கீழே யாரோ கதவைத் தட்டி, "மேல யாருப்பா அது, லிஃப்ட விடுங்க!" என்றார்கள்.

அந்த அம்மா அவசரமே படவில்லை. டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த பற்களை ஒரு தடவை எண்ணி, மூடினார். "இத டாக்டர்கிட்ட குடுத்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள அந்தச் சட்டைல இருக்கிற கிரீஸக் கழுவிட்டு வாங்க. சக்கர எத்தன கரண்டி?"

மாமாவுக்கு ரத்தத்தில் சர்க்கரை. அரைக் கரண்டிகூட ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

"ரெண்டுங்க" என்றார் மாமா.