நரம்பில்லாத கோமுஸ்

நானும் மெதெரும் குடித்துவிட்டு உளறுகிறோம் என்று சொன்னவர்கள் உண்டு. அன்றைக்கு எங்களிடம் இருந்தது உப்புத் தேநீரும் காய்ந்த ரொட்டியும்தான். பொழுதும் பட்டப்பகல். மெதெர் இன்றும் நாரின் நகரத்தில்தான் இருக்கிறான். இதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

நாரினுக்கு மேலே, மலையில் ஒரு பழைய புதைகுழியைத் தோண்டும் வேலை. நாங்கள் இருவரும் மண்வெட்டி ஆட்கள். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, குழிக்குள் ஒரு எலும்புக்கூட்டின் மார்பு மேல் கோமுஸ் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்குகிற அதே மூன்று நரம்பு வாத்தியம். ஆனால் இதற்கு ஆயிரம் வயதுக்கு மேல் என்றார்கள். நரம்புகள் எப்போதோ மக்கிப் போயிருந்தன. மிஞ்சியது வெறும் கட்டையும், நரம்பை முறுக்கும் மூன்று ஆணிகளும்தான்.

வேலையை நடத்திய திலாரா அம்மா அதைப் பார்த்ததும் அழுதேவிட்டார். பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்தார். "பெட்டியை விட்டு ரெண்டு பேரும் நகரக் கூடாது. நாளைக்கு மத்தியானம் மியூசியம் வண்டியோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் மலையிறங்கிப் போனார். கோமுஸ் கிடைத்த செய்தியை அன்று மாலையே ரேடியோவில் சொன்னார்கள்.

மெதெருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. அவன் மனைவி குல்சைரா தலைப்பிரசவத்துக்கு நாரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள்.

"வண்டி வந்ததும் முதல்ல நான்தான் ஏறுவேன், அண்ணே."

"நீ போய் என்னடா பண்ணப் போறே? நீயா பெக்கப் போறே?"

"பக்கத்துல நின்னு திட்டு வாங்கணும்ல. திட்டுறதுக்கு ஆள் இல்லேன்னா அவளுக்கு வலி தாங்காது."

மறுநாள் விடியும்போதே பனி கொட்டியது. கணவாய் அடைபட்டுப் போனது. வண்டி வரவில்லை. போனில் சிக்னல் இல்லை. நாங்கள் தங்கியிருந்த தகர அறையில் அடுப்பு எரிந்தது. சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே பெட்டி இருந்தது.

மூன்று மணி இரண்டு நிமிஷம். அடுப்படியில் படுத்திருந்த எங்கள் நாய் எழுந்தது. பெட்டியைப் பார்த்தது. குரைக்கவில்லை. கதவைப் பிறாண்டி, திறந்ததும் அந்தப் பனியில் இறங்கி ஓடியே போனது.

மூன்று பத்து.

டங்...

"எலியா அண்ணே?"

"உங்க ஊர் எலி கோமுஸ் வாசிக்குமாடா?"

சிரித்தோம். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

டங்... டங்...

பிறகு விடாமல் வந்தது. அது வெறும் சத்தமில்லை. தாளம் இருந்தது. எங்கள் ஜனங்களில் பிறந்த எவனுக்கும் அது புரியும். சாவுச் செய்தியை நாங்கள் சட்டென்று வாயால் சொல்லிவிடுவதில்லை. ஒருவர் கோமுஸோடு வந்து உட்கார்ந்து வாசிப்பார். கேட்கிறவன் தானே புரிந்துகொண்டு, இறந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் வரும்வரை வாசிப்பு நிற்காது. பெயர் வந்துவிட்டால் செய்தி உறுதியாகிவிட்டது.

மெதெரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அண்ணே... இது எனக்கு வந்திருக்கு."

"வாயை மூடு. எந்தப் பேரையும் சொல்லாதே."

மூன்று இருபத்தெட்டு. பொறுக்க முடியாமல் பெட்டியைத் திறந்தேன். பஞ்சை விலக்கினேன்.

மூன்று ஆணிகளும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தன... யாரோ சுருதி சேர்ப்பதுபோல.

மேலே நரம்பு இல்லை.

நாதம் மட்டும் வந்தது.

வேகம் கூடியது. கெட்டில் மூடி அதிர்ந்தது. மெதெர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தான்.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே! தாங்க முடியல... குல்..."

பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கையைக் கடித்தான். ரத்தம் வந்தது. கையை எடுக்கவில்லை.

அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

ஏற்கெனவே செத்தவர் பெயராக இருந்தால்...?

"இசாபெக்!" என்று கத்தினேன்.

என் அப்பா. இறந்து பதினோரு வருஷம்.

நின்றது.

மூன்று நாற்பத்தொன்று.

அடுத்த நாள் மதியம் வழி திறந்தது. ஆஸ்பத்திரியில் குல்சைரா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பெண் குழந்தை. "நேத்து ரத்தப்போக்கு நிக்கல. இதயம் நின்னுபோச்சு. துணியை முகம் வரைக்கும் மூடிட்டோம். டைம் எழுதக் கடிகாரத்தைப் பார்த்தேன், அப்போ மூச்சு விட்டா" என்றாள் நர்ஸ்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மூன்று நாற்பத்தொன்று.

அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். சாவையே ஏமாற்றிவிட்டதாகக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

இருட்டும் நேரத்தில் என் ஊருக்குப் போனேன். என் மனைவி நுரிலா வீட்டுக்குள் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"யாருங்க செத்தது?" என்றாள்.

"ஏன்?"

"நேத்து நாலு மணி இருக்கும். ஆம்பளைங்க கூட்டமா குதிரையில கதறிக்கிட்டே வந்தாங்க. சாவு வீட்டுக்கு வருவாங்களே, அப்படி. 'ஐயோ இசாபெக்கு, எங்க தூணே'ன்னு... உங்க அப்பா பேரைச் சொல்லித்தாங்க. கதவைத் திறந்தேன். யாருமே இல்ல."

டார்ச்சை வாங்கிக்கொண்டு போனேன். பனி கல்லாக உறைந்திருந்தது. குளம்புத் தடங்கள் தெளிவாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஏழு குதிரைகள். ஊர் மேட்டு இடுகாட்டுப் பக்கமிருந்து நேராக எங்கள் வாசற்படிவரை வந்திருந்தன.

திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.