மெயிலுக்கு ஏது பிபி

வலது உள்ளங்கையால் திரையின் பெரும்பகுதியை மறைத்துக்கொண்டு, இடது கையால் மவுஸை நகர்த்திக் காலை மெயிலைத் திறக்கிறார் கார்த்திகேசன். விரல்களுக்கு மேலே ஒரு வரி மட்டும் தெரிகிறது. அந்த வரியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கென்று ஒதுக்கிய பெட்டிக்குள் மெயிலைத் தள்ளிவிட்டு அடுத்ததைத் திறக்கிறார். துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்கும் பிள்ளைகள் சிலர் பெயரே போடாமல், ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதி, ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்று தொடங்கிவிடுவார்கள். அப்போது கையை ஒரு வரி கீழே இறக்குவார். அதிலும் ஆள் பிடிபடாவிட்டால் இன்னும் ஒரு வரி. அதற்குக் கீழே கை இறங்காது. அனுப்பியவருக்கே பதில் போட்டுவிடுவார்: ‘எந்த அம்மாவுக்கு?’

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பருத்தி விதைக் கடைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவில் இருக்கிறது அவருடைய நெட் சென்டர். மொழிபெயர்ப்பு வேலைகளை அனுப்புவதற்காக நான் அங்கே போவதுண்டு. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். பக்திக்காக அல்ல, கரிசல் புழுதிக்காக. ஆடிக் காற்று மாதங்களில் எவ்வளவு கதவடைத்தாலும் புழுதி உள்ளே வந்துவிடும். மவுஸின் உருண்டை கறுத்துப்போய், திரையில் அம்புக்குறி நொண்டியடிக்கும். ஒரு வாடிக்கையாளர் எழுந்ததும் கார்த்திகேசன் அந்த மவுஸைக் கவிழ்த்து உருண்டையை வெளியே எடுத்து, இடுப்பில் செருகிய கைத்துண்டால் துடைப்பார்; உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டுவார். அதே கையோடு அந்த ஆள் பார்த்த பக்கங்களின் தடங்களையும் கணினியிலிருந்து அழித்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. “எச்சித் தட்டக் கழுவாம அடுத்த ஆளுக்கு வைப்போமா?” என்பார்.

நாற்பதை நெருங்குகிறவர். இயற்பியல் படித்தவர். கணினிக்கு அவர் வந்தது தீப்பெட்டி வழியாக. தொண்ணூறுகளின் நடுவில் தீப்பெட்டி லேபிள்களில் மயிலையும் சாவியையும் கணினியில் வரைந்து, கீழே தமிழில் எழுத்துக் கோத்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்து எழுத்துருக்களைப் பற்றிக் கேட்டால் அவருக்கு முகம் சிவக்கும். கோவில்பட்டியில் கோத்த எழுத்தைச் சிவகாசியில் திறந்தால் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டும். ஆளுக்கு ஒரு எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு பூட்டு. “அ-னாவக்கூட அவனவன் வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டானுவ. பூட்ட வேண்டியத மட்டும் திறந்து போட்டுட்டானுவ” என்பது அவர் அடிக்கடி சொல்வது. இப்போது யூனிகோடு என்று எல்லா ஊருக்கும் பொதுவான குறியீடு வந்திருப்பதை, பக்கத்து வீட்டில் பெண் பிறந்ததைச் சொல்வதுபோல வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடையில் வெப்கேமரா ஒன்றுதான். அதன் கண்ணில் ஒரு பழைய லேபிளை ஒட்டி வைத்திருக்கிறார். கேட்பவர்களுக்கு மட்டும் உரித்துத் தருவார். இணையதளங்கள் நம் கணினியில் விட்டுச்செல்லும் குக்கியைப் பற்றிக் கேட்டால் கடலைமிட்டாயில் தொடங்குவார்: தின்றது அரைத் துண்டு, பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டது பாதி நாள். சாட் அறைகளில் அறிமுகமானதுமே வயது, ஆணா பெண்ணா, ஊர் என்று மூன்றையும் கேட்கிற வழக்கம் அவருக்குப் பிடிப்பதில்லை. கல்யாணத் தரகர்கூட அந்தக் கேள்விக்கு வருவதற்குமுன் ஒரு காப்பி குடிப்பாராம். பெயரையும் ஊரையும் மறைத்துப் புனைபெயர் வைத்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொல்வார். எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வரும் ஹரி என்ற கல்லூரி மாணவர் இந்த அறிவுரையைக் கேட்டு, வெகுநேரம் யோசித்து, ‘எப்போதும்வென்றான்’ என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். முதல் நாளே தூத்துக்குடியிலிருந்து ஒருவர், “நீ இன்னார் மகன்தானே?” என்று கேட்டுவிட்டார். கார்த்திகேசன் சிரிக்கவில்லை. “மெட்ராஸ்காரனுக்கு அது வீரன் பேரு. தூத்துக்குடிக்காரனுக்கு அது பஸ் போர்டுல்லா” என்றார்.

ஓரத்துக் கணினியில் மட்டும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், காசு கிடையாது என்று அதற்கு அவர் செய்யும் பிரசங்கம் எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிப் பிள்ளைகள் அதில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, “அண்ணாச்சி, இது வேற மாதிரி இருக்கு” என்று எழுந்துவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் அவர் மட்டுமே உட்கார்ந்திருப்பார்.

அவருடைய ஒரே எதிரி பிபி. ரத்தக் கொதிப்பு அல்ல. வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணைத் தங்கள் முகவரியில் போட்டு, அருகில் ‘பிபி’ என்று எழுதுவார்களே, அது. குறிப்பிட்ட ஆளைக் கூப்பிட்டுத் தரச் சொல்லும் தொலைபேசித் துறையின் பழைய ஆங்கிலச் சுருக்கம். இங்கே பலருக்கு அதன் விரிவு ‘பக்கத்து போன்’. இணையம் ஊருக்குள் வந்தபோது ஜனங்கள் அதே நியாயத்தில், நெட் சென்டரின் மெயில் முகவரியைத் தங்களுடையதாக எழுதி, பக்கத்தில் பிபி போட்டுக்கொண்டார்கள். வரன் தேடும் பயோடேட்டாவில், வேலை விண்ணப்பத்தில், கல்யாணப் பத்திரிகையில்கூட. எட்டயபுரத்திலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும் பேருந்தேறி வந்து, “எங்களுக்கு ஏதும் வந்திருக்கா?” என்று கேட்பவர்கள் உண்டு. கார்த்திகேசன் ஒவ்வொருவருக்கும் தனி முகவரி திறந்து கொடுத்துப் பார்த்தார். கடவுச்சொல்லை மறந்துவிட்டு மறுபடியும் அவருடைய முகவரிக்கே திரும்பி வந்தார்கள். “மெயிலுக்கு ஏது பிபி? அடுத்தவன் கடுதாசியப் பிரிச்சுப் பாக்க என்னய வேலைக்கு வச்சிருக்கீங்களா?” என்று புலம்புவார். மறுநாள் காலையில் உள்ளங்கையை விரித்துக்கொண்டு பிரிப்பார்.

இதற்கு அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே. பெயருக்கு உரியவர் நேரில் வர வேண்டும். வேறு யார் கேட்டாலும், மெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்: “அவியள வரச் சொல்லுங்க.” இருக்கிறது என்று சொன்னால் அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும், சிலருக்கு மட்டும் இல்லை என்று சொன்னால், சொல்லாதவர்களுக்கு இருக்கிறது என்று ஆகிவிடும். இது அவருடைய வாதம். கடைக்கு அடிக்கடி வரும் மீனாட்சியம்மாளுக்கு இந்த வாதம் புரிந்ததில்லை. கணவருக்கு மெயில் வந்திருக்கிறதா என்று கேட்கப்போய் இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு, முழங்கால் வலிக்காரரை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை. “ஏலே, இத நேத்தே சொன்னா ஒன் வாயில முத்து உதிந்திருமா?” என்று அவர் திட்டியதை லேத் பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கார்த்திகேசன் பெரியவரை மெல்லப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மன்னிப்பு கேட்கவில்லை.

வீட்டிலும் இப்படித்தான் என்கிறார் அவர் மனைவி ஜெயப்பிரியா, பள்ளி ஆசிரியை. கடையின் தொலைபேசி இணைப்பு ஜெயப்பிரியா பெயரில் இருக்கிறது. அவர் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது அதன் பில் உறை வந்தது. மேலே மனைவி பெயர் இருந்ததால் கார்த்திகேசன் அதைப் பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்தார். பணம் கட்டாததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். “கட படுத்துப் போச்சு. அப்பவும் வெளிய பூத்துல இருந்து எனக்குப் போன் போட்டு, ‘ஒனக்கு ஒரு கடுதாசி வந்திருக்கு, வந்து பிரிச்சுப் பாரு’ன்னுதான் சொன்னாவ” என்கிறார் ஜெயப்பிரியா. அதை அவர் பெருமையாகச் சொல்கிறாரா குறையாகச் சொல்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சென்ற ஆவணியில் ஒரு முற்பகல் சுந்தரபாண்டி கடைக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். கார்த்திகேசனை மீசை முளைக்கும் முன்பிருந்தே தெரிந்தவர். அவருடைய மகள் இந்துஜா பட்டப்படிப்பு முடித்துவிட்டு, மதுரையில் ஒரு மென்பொருள் கம்பெனியின் தேர்வு எழுதியிருந்தாள். முடிவு மெயிலில் வரும், வந்த ஒரு வாரத்துக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். நெட் சென்டருக்கெல்லாம் பெண்பிள்ளை போகக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அதனால் அவளுடைய விண்ணப்பத்திலும் கார்த்திகேசனின் முகவரிதான், பிபி.

சுந்தரபாண்டி சுற்றி வளைக்கவில்லை. தூத்துக்குடியில் நல்ல இடம் அமைந்திருக்கிறது. வருகிற வாரம் பூ வைத்து உறுதிசெய்ய வருகிறார்கள். பெண் வெளியூரில் வேலைக்குப் போவது அவர்களுக்குச் சரிப்படாது. இந்த நேரத்தில் மெயில் வந்து, மகள் மனது கலைந்துவிடக் கூடாது. அழிக்க வேண்டாம், பூ வைத்து முடியும்வரை கொடுக்காமல் இருந்தால் போதும்.

கார்த்திகேசன் மவுஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, “பிள்ளைய வரச் சொல்லுங்க, அண்ணாச்சி” என்றார்.

“அப்ப வந்துட்டுன்னு சொல்லுத.”

“வந்திருக்குன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. எல்லாருக்கும் இதான் சொல்லுதேன்.”

மீனாட்சியம்மாள் அன்று தன் மகனின் மெயிலைப் படிக்க வந்திருந்தார். “ஆமா, கட்டுன பொண்டாட்டிக்கே சொல்ல மாட்டான். நீரு பெத்தவருதான?” என்று தன் பங்குக்குச் சொன்னார்.

சுந்தரபாண்டிக்குக் கோபம் வந்துவிடவில்லை. அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு காலத்தில் தெருவுக்கே அவர் வீட்டுத் தொலைபேசிதான் பிபி. சாவுச் செய்தியும் பிள்ளை பிறந்த செய்தியும் அவர் காதில் விழுந்துதான் ஊருக்குள் போயின. வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். எதையும் மறைத்ததில்லை. ஆனால் எந்தச் செய்தியானாலும் முதலில் வீட்டுப் பெரியவரிடம்தான் சொல்வார். அந்தப் பெரியவர் பார்த்து, எப்போது, யாரிடம், எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்வார். “குடும்பம்னா அப்படித்தானடே” என்று முடித்தார்.

கார்த்திகேசன் மவுஸைக் கீழே வைத்தார்.

“தொண்ணூத்தி மூணுல எனக்கு ஒரு போன் வந்தது, அண்ணாச்சி. ஒங்க வீட்டுக்கு. மெட்ராஸ்ல இன்டர்வியூ தேதிய முன்னால மாத்திட்டாங்கன்னு என் கூட்டாளி கூப்பிட்டிருக்கான். நீங்க எங்கப்பாகிட்ட சொன்னீங்க. அப்பா எங்கிட்ட சொல்லல. நான் பழைய தேதிக்குப் போனேன். அங்க நாற்காலிய அடுக்கிட்டு இருந்தாவ.”

சுந்தரபாண்டிக்கு அப்படி ஒரு அழைப்பே நினைவில் இல்லை. நெற்றியைச் சுருக்கினார். எத்தனையோ போன், எத்தனையோ சேதி என்றார். கார்த்திகேசன், தெரியும் அண்ணாச்சி, ஒங்களக் குத்தம் சொல்லல என்றார். சுந்தரபாண்டி வாசலில் தன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இதனால்தான் கார்த்திகேசன் இப்படி ஆனார் என்று எழுதினால் கதை ஒழுங்காக இருக்கும். நான் அப்படி நம்பவில்லை. சின்ன வயதில் அக்காவின் டைரியைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர் என்று ஜெயப்பிரியா சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வாரம் அவர் பேச்சு குறைந்திருந்தது. லினக்ஸ் பிரசங்கம் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இந்துஜா பெயரில் ஏதோ வந்திருக்கிறது என்று அதிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. அவளை வரவழைக்க ஆள் அனுப்பினால், வந்திருக்கிறது என்று சொன்னதாகிவிடும். அவருடைய சட்டத்தில் அதற்கு இடமில்லை. தன் சட்டத்தின்மீது அவரே எரிச்சலாக இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பூ வைக்கும் நாளுக்கு முந்தின நாள் மதியம் சுந்தரபாண்டி வந்தார். பின்னால் இந்துஜா வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வருவதா வேண்டாமா என்பதுபோல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுந்தரபாண்டி கார்த்திகேசனைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னார்:

“அந்தப் போன் வந்தது பத்திரகாளி கோயில் கொடை அன்னைக்குடே. கொட்டுச் சத்தத்துக்கு நடுவுலதான் ஒங்கப்பாகிட்ட சொன்னேன். தலைய ஆட்டுனாவ. காதுல விழுந்துட்டுன்னு நெனச்சுட்டு வந்துட்டேன்.”

கார்த்திகேசன் இந்துஜாவை உட்காரச் சொன்னார். மெயிலைக் காட்டுவதற்கு முன்பு அவளுக்கென்று ஒரு முகவரி திறந்தார். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு ஸ்டூல்களை இழுத்து வாசலைப் பார்க்கப் போட்டு, ஒன்றில் தான் உட்கார்ந்துகொண்டு மற்றதைத் தட்டிக் காட்டினார். மகளின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த சுந்தரபாண்டி தயங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பின்னால் விசைகளின் சத்தம் கேட்டது. கார்த்திகேசன் திரும்பாமலே, அடுத்து எதை அழுத்த வேண்டும், மெயிலை அவள் முகவரிக்கு எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தெருவைப் பார்த்தபடி சொன்னார். மாற்றியதும் கடையின் பெட்டியில் இருப்பதை அழித்துவிடச் சொன்னார். அவள் ஒவ்வொன்றுக்கும் “சரிண்ணே” என்றாள். பிறகு சத்தம் நின்றது. அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் ஒரு மாட்டுவண்டி பருத்தி விதை மூட்டைகளோடு நின்றிருந்தது. சுந்தரபாண்டி அதைப் பார்த்தார். வேட்டி முனையைச் சரிசெய்தார். பிறகு முகத்தைக் கார்த்திகேசன் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தி, “என்னடே போட்டிருக்கு?” என்று கேட்டார்.

கார்த்திகேசன் தலையைத் திருப்பவில்லை. கட்டைவிரலை மட்டும் தோளுக்குமேல் உயர்த்தி, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டினார்.