சந்தனம் பூசிய டிஸ்கெட்

என் அண்ணியிடம் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் இருந்தது. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சிட்ட, எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் கணக்குப் போட்ட அதே நோட்டு. கம்ப்யூட்டரைப் பற்றி எங்கே எதைக் கேட்டாலும், தானே நோண்டிக் கண்டுபிடித்தாலும், அண்ணி அதை நீல மையில் அதில் ஏற்றிவிடுவார். டிஸ்கெட்டின் மேல் ஒட்டும் சீட்டில் முதலில் எழுது, பிறகு ஒட்டு. ஒட்டிய பிறகு பேனாவை அழுத்தினால் உள்ளே காயம்படும். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டு, முறுக்குத் தூள் தானாக விழும். இப்படிப் பயனுள்ளவை பாதி. எதற்கும் உதவாத, ஆனால் கேட்டவர் வாயைப் பிளக்கும் சங்கதிகள் மீதிப் பாதி. ஓடுகிற கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை, எந்த நிலையமும் எடுக்காத இடத்தில் திருப்பி வைத்தால், கம்ப்யூட்டர் கணக்குப் போடப் போட ரேடியோ முனகும். கணக்கு மாறினால் முனகலும் மாறும். "யோசிக்கிற சத்தம் கேக்குது பாரு தம்பி. உங்க அண்ணன் பக்கத்துலயும் வச்சிப் பாத்தேன். ஒன்னும் கேக்கல லா," என்பார். அண்ணன் கையிலிருக்கும் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. கிள்ளானில் அண்ணன் வீட்டில்தான் நானும் இருந்தேன். அண்ணி மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவர். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சர்க்யூட் போர்டுகளைக் கழுவிக் காயவைக்கும் பிரிவு. கரண்டு ஓடும் சாமானைத் தண்ணீரில் முக்குவார்களா என்று ஊரே கேட்கும். "தண்ணி ஒன்னும் பண்ணாது. காயறதுக்குள்ள அவசரப்படறோம் பாரு, அதுதான் பண்ணும்," என்பது அண்ணியின் பதில். உடன் வேலை செய்த ஒருவர் வீட்டில் தூக்கிப்போட இருந்த பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, டிவியோடு இணைத்து, தானாகவே கற்றுக்கொண்டார். நாடகம் பார்க்கும் நேரம் மட்டும் அண்ணனுக்கு டிவி திரும்பக் கிடைக்கும்.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். அண்ணி ஊட்டிய ஆசையில், முதலாளியை மாதக் கணக்கில் நச்சரித்து, தமிழில் தட்டச்சு செய்யக்கூடிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்க வைத்தேன். ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷின். எழுதியதெல்லாம் டிஸ்கெட்டில்தான் தங்க வேண்டும். முதலாளிக்கு அதன்மேல் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. ஈய எழுத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், இது எங்கே இருக்கிறது என்பார். அதைத் தொடவும் மாட்டார். வாங்கிய அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, இந்தப் பொட்டியும் நீயும் ஒன்னா வந்திருக்கீங்க. ஒரு வேலை கெட்டுச்சின்னா ரெண்டு பேரும் ஒன்னாவே போயிருங்க."

முதல் பெரிய வேலை, காஜாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா மலர். தொண்ணூற்றாறு பக்கம். ஒரு மாதம் உட்கார்ந்து அடித்தேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனால் அண்ணி கேட்கும் முதல் கேள்வி, சாப்பிட்டியா என்பதல்ல. "காப்பி எடுத்தியா? எடுத்ததை வேற எடத்துல வச்சியா?" எடுத்தேன் என்பேன். அது உண்மைதான். இரண்டாவது கேள்விக்கும் சேர்த்தே தலையாட்டிவிடுவேன். மூல டிஸ்கெட்டையும் நகல் டிஸ்கெட்டையும் ஒரே ரப்பர் வளையத்தில் கட்டி, ஒரே மேசை டிராயரில்தான் போட்டுவைத்திருந்தேன். இன்றைக்கு என் கைப்பேசி, நான் கேட்காமலே எல்லாவற்றையும் எங்கோ கண்காணாத இடத்துக்கு நகல் அனுப்பிவிடுகிறது. அன்றைக்கு அந்த வேலையைச் செய்ய வேண்டியது என் இரண்டு கால்கள். அவை சோம்பேறிக் கால்கள்.

மலர் முடிந்த வாரத்தில் சரஸ்வதி பூஜை வந்தது. அச்சகங்களில் அது சாதாரண நாளல்ல. காகிதம் வெட்டும் இயந்திரம், தையல் இயந்திரம், கத்தரிக்கோல், அளவுகோல் எல்லாவற்றுக்கும் குளியல், பொட்டு, பூ. முதலாளி பக்தியில் குறை வைக்காதவர். "உன் ஆயுதத்தையும் கொண்டாந்து வை தம்பி," என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு டிஸ்கெட்டுகளையும் எடுத்தேன். காகித உறையோடு வைத்தால் சட்டையைக் கழற்றாமல் சன்னதிக்குப் போவது போல மரியாதைக் குறைவாகப் பட்டது. உறையைக் கழற்றிவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் வைத்தேன்.

அந்தக் காலத்து டிஸ்கெட் கறுப்பாக, சதுரமாக, அட்டை போல வளையும். அதில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே சுற்றும் காந்தத் தகடு அதன் வழியாகத்தான் வெளியே தெரியும். மெஷின் படிப்பதும் அந்த இடத்தில்தான். முதலாளி குழைத்த சந்தனத்தை விரலில் எடுத்து, பொட்டு வைக்க வாகாக இருக்கிறதே என்று, இரண்டிலும் சரியாக அந்தத் திறப்பில் வைத்தார். அதன்மேல் குங்குமம். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது என்பதால், சந்தனம் ஒரு ராத்திரி முழுக்க நிம்மதியாகக் காய்ந்தது.

விஜயதசமியான சனிக்கிழமை காலை எடுத்துப் பார்த்தபோதுதான் திறப்பில் சந்தனம் இறுகிக் கிடப்பது தெரிந்தது. பதற்றத்தில் மூல டிஸ்கெட்டின் சந்தனத்தைக் கைக்குட்டையால் தேய்த்தேன். காய்ந்த சந்தனம் உப்புத்தாள் மாதிரி. தகட்டில் கோடு கோடாகக் கிழித்துவிட்டது. மெஷினில் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம், படிக்க முடியவில்லை என்று திரையில் ஒரு வரி. எத்தனை தடவை தட்டினாலும் அதே வரி. முதலாளி என் பின்னால் வந்து நின்றார். திங்கட்கிழமை காலை பக்கங்கள் அச்சுக்குப் போக வேண்டும். அடுத்த ஞாயிறு விழா. அவர் கத்தியிருந்தால் தேவலை. "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாக்கிறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, மூடிவைத்திருந்த ஈய எழுத்துப் பெட்டிகளின் மேல் கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தார்.

மிச்சமிருந்தது நகல் டிஸ்கெட் ஒன்றுதான். அதைத் தேய்க்கவில்லை, மெஷினுக்குள்ளும் விடவில்லை. அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. கிள்ளான் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கிய அண்ணி, என் முகத்தைப் பார்த்தார், டிஸ்கெட்டைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார்.

"ரெண்டையும் ஒன்னா வச்சியா?"

"வச்சிட்டேன் அண்ணி."

"ஒரே தட்டுலயா?"

"ஒரே தட்டுலதான்."

"சரி. உங்க அண்ணன் காருக்கு வாங்கி வச்ச பேட்டரி தண்ணி இருக்கும், எடுத்தா. உன்னத் திட்டறத அப்புறம் வச்சிக்கலாம், அது எங்கயும் போவாது."

அதற்கப்புறம் சமையலறையில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அண்ணி சவர பிளேடால் கறுப்பு மேலட்டையின் ஓர் ஓரத்தை மட்டும் அறுத்தார். உள்ளிருந்த தகட்டை நடுத்துளையிலும் விளிம்பிலும் மட்டும் பிடித்து வெளியே எடுத்தார். போட்டோ பிலிம் போல மெலிதாக, பழுப்பாக இருந்தது. எது மேல்பக்கம் என்று தெரிய, துளையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. அதில் தகட்டை மிதக்கவிட்டு, தேய்க்காமல், சந்தனம் தானாக ஊறி இறங்கும் வரை காத்திருந்தார். பிறகு காய்ச்சி வடித்த அந்தப் பேட்டரித் தண்ணீரில் இரண்டு முறை அலசினார். அதில் உப்பு இல்லை, காய்ந்தால் கறை விழாது. கடைசியில் அகப்பைக் காம்பை நடுத்துளைக்குள் விட்டு, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, அதன் கீழே மாட்டிவைத்தார். ஒரு மாத உழைப்பு என் கண்ணெதிரே ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது. ரசம் ஊற்றலாம் என்று அகப்பையைத் தேடி வந்த அண்ணன், அதைப் பார்த்துவிட்டு, தம்ளரால் ரசத்தை மொண்டுகொண்டு போய்விட்டார்.

ஞாயிறு காலை அண்ணி தன்னுடைய விளையாட்டு டிஸ்கெட் ஒன்றை அறுத்து, அதன் தகட்டைத் தூக்கியெறிந்துவிட்டு, அந்தச் சுத்தமான மேலட்டைக்குள் எங்கள் தகட்டை நுழைத்தார். இருவரும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். முதலாளி இருந்தார். என் சாமான்களை நான் முந்தின நாளே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்திருந்தேன். அண்ணி அதை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், டிஸ்கெட்டைப் படிக்கும் முனையைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது.

"அது என்னம்மா மஞ்சளா?" என்றார் முதலாளி.

"நீங்க வச்ச சந்தனம், பாஸ். நேத்து தம்பி உள்ள விட்டதுல ஒட்டிக்கிச்சி."

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் மனதில் கெட்டது பொட்டி. இப்போதுதான் கதை அவருக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்திருக்க வேண்டும்.

அண்ணி டிஸ்கெட்டைச் செருகி, புதிய டிஸ்கெட்டுக்கு நகலெடுக்கச் சொல்லி விசையைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கரகரப்பு இல்லை. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கின. தலைமையாசிரியை வாழ்த்து வந்தது. முன்னாள் மாணவர் கட்டுரைகள் வந்தன. பன்னிரண்டாவது கோப்பில் நின்றது. என் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. அண்ணி அதை ஒரு தட்டுத் தட்டினார். "பொறு லா. அது தேடுது." கொஞ்ச நேரம் கழித்து ‘மறுபடி’ என்ற விசையை ஒரே ஒரு முறை அழுத்தினார். முனை உள்ளே நகர்ந்து நகர்ந்து தேடும் சத்தம். மறுபடி நிறுத்தம். மறுபடி ஒரே ஒரு அழுத்தல். பன்னிரண்டாவது வந்தது. பிறகு மீதி எல்லாமே கோவில் வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தோம். தொண்ணூற்றாறு பக்கமும் இருந்தது. ஒரு புள்ளி குறையவில்லை.

முதலாளி எழுந்தார். என்னை நகரச் சொல்லி சைகை காட்டிவிட்டு, அதுவரை தொடாத அந்த விசைப்பலகையின் முன்னால் வந்து உட்கார்ந்தார். "நன்றி சொல்ற பக்கத்த எடுத்து விடு தம்பி," என்றார். எடுத்துக் கொடுத்தேன். "ஒங்க முழுப் பேரு என்னம்மா?" அண்ணி சொன்னார். ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே, ஒவ்வொரு எழுத்தையும் தேடி, தவறாக விழுந்ததை என்னை அழிக்கச் சொல்லி, மறுபடி தேடி, கால் மணி நேரத்தில் அந்தப் பெயரை அவரே அடித்து முடித்தார். கட்டடக் குழுத் தலைவரின் பெயருக்கு நேர் கீழே. அண்ணி எதற்கும் கூச்சப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப இத மறக்காம வச்சிக்கன்னு இதுகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார் முதலாளி.

"அந்தப் பட்டன அமுக்குங்க பாஸ்."

அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. அவர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி பை அது? எடுத்து உள்ள வை. நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்திரு, அச்சுக்காரன் வந்து நிப்பான்."