நாலாயிரம் சுற்றில் கேட்ட முனகல்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். வேகத்துக்காகவே வாங்கிய என் காருக்குப் புது கிளட்ச்சும், அது பொருந்தும் கனத்த எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலும் தேவைப்பட்டன. ஜோகுபாளையத்துப் பட்டறையில் இரண்டையும் ஒன்றாகச் சுழற்றிச் சமன் செய்து, பொருந்த வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளிகள் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டையும் வீட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த மறுநாள், புள்ளியோடு புள்ளி சேர்த்து நானே மாட்டினேன். வேலைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன்.

அன்று மதியம் அம்மாவோடு ஹெப்பால் பக்கம் போனேன். எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தொட்டதும் பின் சீட்டில் யாரோ முனகினார்கள். பின்பக்கம் காட்டும் கண்ணாடி நடுங்க, அதில் தெரிந்த காலி சீட்டில் ஏதோ அசைந்தது.

"பின்னாடி யாருடி?" என்றார் அம்மா, திரும்பாமலேயே.

வேகத்தைக் குறைத்தால் முனகல் நின்றது. கூட்டினால் திரும்ப வந்தது. ஓரங்கட்டி, காரை அதே பட்டறைக்கு இழுத்துப்போனோம். பிரித்தபோது, அதிர்வில் தளர்ந்திருந்த மூன்று ஃப்ளைவீல் போல்ட்டுகள் விரலாலேயே கழன்றன.

"இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தா ஃப்ளைவீலு பிச்சுக்கிட்டு உங்க காலுக்கு வந்திருக்கும், மேடம்," என்ற மெக்கானிக் புள்ளியைத் தேய்த்தார். அது பெயின்ட் இல்லை, குங்குமம்.

"பூஜைக்கு வெச்சப்போ ரெண்டும் ஒரே பிசுக்கா இருந்துச்சு. பெயின்ட் தின்னர்ல துடைச்சுட்டுதான் பொட்டு வெச்சேன்," என்றார் அம்மா. பட்டறைக் குறிகள் அதில் அழிந்துபோக, நான் சேர்த்தது அம்மாவின் பொட்டுகளை.

மறுபடி சமன் செய்தபோது குறியை இரும்பிலேயே வெட்டச் சொன்னேன். இப்போதெல்லாம் பொட்டு, பூட்டி முடித்த பிறகு பானட்டுக்கு மட்டும்தான். முனகல் இல்லை. ஆனாலும் ஏறுவதற்கு முன் அம்மா பின் கதவைத் திறந்து பார்க்கிறார். நாலாயிரத்தைத் தொடும்போது நானும் கண்ணாடியைப் பார்க்கிறேன்.